பெயர் வெட்டிய தூண்டில்

என் வலது கை தோளுக்கு மேலே போகாமல் நின்றுபோன நாட்களில், அதை மேலே தூக்கும் வழியைப் பற்றி மூன்று ஆண்கள் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து விவாதித்தார்கள். மூவரில் ஒருவருக்கும் கையில் கோளாறு கிடையாது. காபி டம்ளரை நன்றாகவே தூக்கினார்கள். கோளாறு இருந்த நான் சமையலறையில் நின்று இடது கையால் அந்தக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. முதலில் கீமோ கொடுத்தார்கள், முடி போயிற்று. பிறகு அறுவை செய்து வலது மார்பையும் அக்குளிலிருந்த முடிச்சுகளையும் எடுத்தார்கள். தையல் நன்றாக ஆறியது. கைதான் வம்பு செய்தது. பக்கவாட்டில் தூக்கினால் தோள் மட்டத்துக்கு வந்து, யாரோ உள்ளேயிருந்து கட்டி இழுத்த மாதிரி நின்றுவிடும். அடுத்தது ரேடியேஷன். அதற்கு மேசையில் மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேலே ஒரு பலகையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். கை மேலே போகாவிட்டால், கதிர் பாய வேண்டிய இடத்தைக் கையே மறைத்துக்கொண்டு நிற்கும். ஏழு வாரத்துக்குள் கை மேலே வந்தாக வேண்டும், அதற்குமேல் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏழு வாரம். நான் நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்தேன்.

கைப் பயிற்சிக்கு வந்த பெண் குடகுக்காரி. வயது இருபத்தாறு இருக்கும், கன்னடம் கலந்துதான் தமிழ் பேசுவாள். சுவரில் விரலால் ஏறச் சொல்வாள். எவ்வளவு தூரம் ஏறினேன் என்று பென்சிலால் கோடு போடுவாள். பிள்ளைகள் வளர்வதைச் சுவரில் குறித்துவைப்பது போல் கோடு போட்டாள், நான் வளரவில்லை. கோடெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் கிடந்தன. நான் சலித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு ஒருநாள் என் குடையை எடுத்துச் சுழற்றிக் காட்டினாள். அவள் அப்பா ஆற்றில் ஃப்ளை ஃபிஷிங் செய்கிறவராம். இறகால் கட்டிய பொய்ப் பூச்சியைக் காட்டி மீனை ஏமாற்றும் வேலை. அந்தத் தூண்டிலில் ஈயக்குண்டு கிடையாது. கயிற்றையேதான் எறிய வேண்டும். கையை மெல்ல மேலே தூக்கி நிறுத்தினால் கயிறு பின்னால் போய் நீளும். அது நீளும்வரை காத்திருந்து முன்னால் கொண்டுவர வேண்டும். இந்தத் தூக்கலும் காத்திருப்பும்தான் என் தோளுக்கு வேண்டும் என்றாள்.

“கொக்கி பேடா, வேணாம் ஆன்ட்டி. நுனியில உல்லன் நூல் கட்டினாப் போதும். தண்ணிகூட வேணாம், கிரவுண்ட்ல நின்னு வீசுங்க. தூண்டில் கடைக்குப் போய் நாலு ராட் கையில புடிச்சுப் பாருங்க. எது உங்க கைக்குப் புடிக்குதோ அது. அஷ்டே.”

அவ்வளவுதான். எனக்குப் புரிந்தது. அன்று சாயங்காலம் இதை என் கணவரிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் காதில் ராட் என்பது மட்டும் விழுந்தது.

அவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். காலையில் போய் இரவு வரும்வரை இரும்புச் சாமான்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு கீறல் இருந்தாலும் சிவப்புப் பெயின்ட் தடவித் தூர எறிவது அவர் வேலை. வீட்டிலும் அதே மனிதர்தான். மிக்ஸி வாங்குவதற்கு அட்டவணை போடுவார். துடைப்பத்துக்கும் போட்டிருக்கிறார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அட்டவணை போட்டீர்களா என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார், இல்லை என்று சொல்லவில்லை.

இவ்வளவு பெரிய முடிவை அவர் ஒற்றை ஆளாக எடுப்பாரா? தங்கவயலில் இருக்கும் தன் அண்ணனுக்கும், பொம்மசந்திராவில் வேலை செய்யும் என் தம்பிக்கும் போன் போட்டார். மூவருமாக வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். அதற்கு ‘ராட் கமிட்டி’ என்று பெயர். கமிட்டியில் நான் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டேன். “நீ ரெஸ்ட் எடு, இந்த டென்ஷன்லாம் உனக்கு எதுக்கு?” என்றார் என் கணவர்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் அவர் அண்ணன் வந்து இறங்கினார். இனி அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். அப்படித்தான் அவரும் தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார். சுரங்கம் மூடும்வரை அதில் வேலை பார்த்தவர். அவர்கள் அப்பா தங்கவயலில் துரைமார்களின் கிளப்பில் துடைக்கிற வேலை செய்தவர். அந்தக் கிளப்பில் கண்ணாடி அலமாரிக்குள் இரண்டு மூங்கில் தூண்டில்கள் இருந்தனவாம். அந்த அலமாரியின் நினைவை வைத்துக்கொண்டு பெரியவர் எங்கள் ஹாலில் ஒன்றரை மணி நேரம் பேசினார்.

“மூங்கிலுன்னா இன்னான்னு நெனச்ச? ஆறு பட்டையா சீவி, ஒட்டி, வார்னிஷ் போட்டு செய்வாங்க. அது உயிருள்ள பொருளும்மா. கையில புடிச்சா பேசும்.”

“நீங்க புடிச்சிருக்கீங்களா மாமா?” என்று கேட்டேன்.

“எங்கப்பா தொடச்சிருக்காரு.”

அதோடு விடவில்லை. மூங்கில் தூண்டிலை ஒவ்வொரு முறையும் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டுமாம். நிழலில் உலர்த்த வேண்டுமாம். நேராகத் தொங்கவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் கோணிக்கொள்ளுமாம். என்னையே துடைத்து, உலர்த்தி, நேராக உட்காரவைக்க ஆள் தேவைப்பட்ட சமயம் அது. துரைமார்களுக்குச் சேவகம் செய்தது போதாதென்று அவர்கள் குச்சிக்கும் சேவகம் செய்ய இந்தக் குடும்பத்தில் ஓர் ஆள் ஆசைப்படுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. காபிதான் கொடுத்தேன்.

என் தம்பி வேறு ரகம். கண்ணாடி இழையில் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் சூப்பர்வைசர். அந்த இழை உடம்பில் குத்திக்குத்தி எப்போதும் முழங்கையைச் சொறிந்துகொண்டே இருப்பான். தன்னைச் சொறிய வைக்கிற பொருள்தான் உலகத்திலேயே சிறந்தது என்பது அவன் கட்சி.

“அக்கா, கிளாஸ் ஃபைபர்தான். போட்டு மிதிச்சாலும் ஒண்ணும் ஆவாது. கார்பன் அப்பிடி இல்ல. லைட்டா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா ஒரே ஒரு கீறல் வுழட்டும், லோடு வந்தா அங்கயே பொளந்துக்கும்.”

“எவன் கீறப் போறான்?” என்றார் என் கணவர். அவர் கார்பன் கட்சி. ஏனென்றால் அதுதான் எடை குறைவு, விமானத்துக்கெல்லாம் போடுகிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் விமானம் ஓட்டப் போவதில்லை என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு சார்ட் பேப்பர் வந்தது. எடை, வளைவு, ஆயுள், உடையும் தன்மை, பராமரிப்பு, தோற்றம் என்று தலைப்புப் போட்டு, மூன்று பொருளுக்கும் மதிப்பெண் எழுதினார்கள். தோற்றத்தில் மூங்கிலுக்கு எட்டா ஒன்பதா என்று அரைமணி நேரம் சண்டை. நான் போண்டா தட்டை வைத்துவிட்டு அந்தச் சார்ட்டை மேலிருந்து கீழ் வரை படித்தேன். ஒரு கட்டத்திலும் என் கை இல்லை. தோள், வலி, ஏழு வாரம் என்று எந்தச் சொல்லும் இல்லை. மீன்கூட இரண்டு இடத்தில் வந்திருந்தது.

அந்த நாட்களில் எனக்குப் பெரிய தொந்தரவு சமையலறையின் மேல்தட்டு. எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரமெல்லாம் அங்கேதான் இருக்கும். எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். பெரிய தவலையிலும் அடுக்குகளிலும் மாமியார் பெயர். சீராக வந்த டிபன் கேரியரிலும் குடத்திலும் என் அப்பா பெயர். குக்கர் மூடியில்கூட என் கணவர் பெயரை வெட்டி வைத்திருக்கிறார், யாரோ மூடியை மட்டும் திருடிக்கொண்டு போகப்போகிற மாதிரி. எதையாவது எடுத்துத் தரச் சொன்னால், “எது? அம்மா பேர் போட்டதா, மாமா பேர் போட்டதா?” என்று கேட்பார். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடம் ஆகிறது. பெயர் இல்லாத ஒரே பாத்திரம் ஒரு மூடி போட்ட சம்படம். அது நான் என் சம்பளத்தில் வாங்கியது. எனக்கு ஒரு தனியார்ப் பள்ளியின் அலுவலகத்தில் வேலை. அப்போது நீண்ட விடுப்பில் இருந்தேன். “எது?” என்று அவர் கேட்கும்போது, “பேர் இல்லாதது” என்று சொல்லுவேன். உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மூவரும் இரண்டு பைக்கில் தூண்டில் கடைக்குப் போனார்கள். நானும் வருகிறேன் என்று சொன்னேன். “தூசி ஜாஸ்தி, இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்,” என்றார் கணவர். மத்தியானம் வெயிலோடு திரும்பி வந்தபோது கையில் தூண்டில் இல்லை. இரண்டு விலைப்பட்டியலும் ஒரு புது வாக்குவாதமும் இருந்தன. சாப்பிடும்போது தம்பி வாய்விட்டான்.

“கடைக்காரர் நல்ல மனுஷன்க்கா. யாருக்குன்னு கேட்டாரு. உனக்குன்னதும், ‘அந்த அம்மாவ கூட்டிட்டு வாங்க, நான் எதுக்கு உங்ககிட்ட பேசிட்டு இருக்கேன்’னாரு.”

“நீங்க என்னடா சொன்னீங்க?”

தம்பி பெரியவரைப் பார்த்தான். பெரியவர் ரசத்தைப் பார்த்தார். “லேடீஸ்ங்க, அவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுன்னு பெரிய மாமா சொல்லிட்டாரு,” என்றான் தம்பி.

“நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?” என்று கணவரைக் கேட்டேன்.

“வெயிட் போட்டுட்டு இருந்தேன்,” என்றார். ஆலையிலிருந்து சின்னத் தராசு ஒன்றைக் கொண்டுபோயிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ரசச் சட்டியை எடுத்து வீசியிருப்பேன். கை எழும்பாததால் அவர்கள் பிழைத்தார்கள். ஆனால் இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கடைக்கு நானே ஆட்டோ பிடித்துப் போயிருக்கலாம். காக்ஸ் டவுன் மார்க்கெட் தாண்டிக் கொஞ்ச தூரம், அவ்வளவுதான். போகாததற்குக் காரணம் தூசி இல்லை. தலையில் அரை அங்குல முடி. ரவிக்கையில் ஒரு பக்கம் தட்டை. முன்பின் தெரியாத ஓர் ஆள் முன்னால் அப்படிப் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவர்கள் மூவரையும் மனதுக்குள் திட்டுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. அதனால் திட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன்.

குடகுப் பெண் ஒவ்வொரு முறை வரும்போதும், “ராட் பந்தா ஆன்ட்டி, வந்துச்சா?” என்று கேட்பாள்.

“கமிட்டி நடக்குதும்மா,” என்பேன்.

ஒரு பிளாஸ்டிக் கோணமானியைத் தோளில் வைத்து அளப்பாள். முதலில் தொண்ணூறு டிகிரி. மூன்று வாரம் கழித்து நூறு. பத்து டிகிரிக்கு மூன்று வாரம் என்றால் மிச்சத்துக்கு எத்தனை வாரம் என்று அவளும் போடவில்லை, நானும் போடவில்லை. நாள்காட்டியில் வட்டம் மட்டும் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை என் கணவர் நீளமான துணிப் பை ஒன்றோடு எழுப்பினார். கார்பன் ஜெயித்துவிட்டது. ஜெயித்த விதத்தைப் பிறகு தம்பி சொன்னான்: மற்ற இருவரையும் கேட்காமல் சனிக்கிழமை போய் வாங்கிவிட்டாராம். இதை முதல் நாளே செய்திருந்தால் என்ன என்று கேட்க வாய் வந்தது. ஆனால் மனிதர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எங்கள் மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்த நாளில்தான் அந்தச் சிரிப்பைக் கடைசியாகப் பார்த்திருந்தேன். எழுந்து முகம் கழுவிக்கொண்டேன்.

பெரியவரும் தம்பியும் வந்ததும், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்துக்குப் போனோம். ஒரு மூலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தம்பி யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தபடி துண்டுகளைப் பொருத்தி, கயிற்றைக் கோத்து, நுனியில் சிவப்பு உல்லன் நூலைக் கட்டினான். கறுப்பாக, பளபளப்பாக, எடையே இல்லாமல் இருந்தது. கைப்பிடிக்குச் சற்று மேலே ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு வரவில்லை, அதனால் அதைக் கவனிக்கவில்லை.

முதல் தடவை கயிறு என் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது தடவை முழங்கையைக் கொஞ்சம் தூக்கினேன். பின்னால் கயிறு போய் லேசாக இழுத்தது. அந்த இழுப்பில் கையும் ஒரு விரல்கடை மேலே போயிற்று. சுவரில் மூன்று வாரமாகப் போகாத இடம் அது. வலித்தது, ஆனால் போயிற்று. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் துணிந்து தூக்கினேன்.

டப்பென்று ஒரு சத்தம். கைப்பிடி என் கையில் இருந்தது. மீதியெல்லாம் கயிற்றோடு போய்ப் பெரியவர் தலையில் விழுந்து கிடந்தது. கிரிக்கெட் நின்றுவிட்டது.

“நான் அப்பவே சொன்னேன்,” என்று உல்லன் நூலை மீசையிலிருந்து எடுத்துக்கொண்டே ஆரம்பித்தார் பெரியவர். “இதே மூங்கிலா இருந்தா—”

தம்பி ஒடிந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்த கைப்பிடியை வாங்கிப் பார்த்தான். இரண்டையும் சேர்த்து வைத்து என் கணவரிடம் நீட்டினான். நான் எட்டிப் பார்த்தேன். கறுப்புக் குழாயில் என் பெயர் வெட்டியிருந்தது. இரண்டாவது எழுத்துக்கும் மூன்றாவது எழுத்துக்கும் நடுவில் ஒடிந்திருந்தது.

பாத்திரக் கடையில் கொடுத்து வெட்டியிருக்கிறார். தவலைக்கும் குக்கர் மூடிக்கும் வெட்டுகிற அதே மிஷின். கடைக்காரர் இது எவர்சில்வர் இல்லையே சார் என்று தயங்கினாராம். இவர்தான் பரவாயில்லை வெட்டுங்கள் என்றாராம். நாள் முழுக்கக் கீறல் தேடிச் சம்பளம் வாங்குகிறவர், கீறல் பட்டால் போயிற்று என்று மைத்துனன் சொன்னதைக் காதால் கேட்டவர், வாங்கிய பொருளைத் தானே கொண்டுபோய்க் கீறக் கொடுத்திருக்கிறார். எங்கள் ஜனத்தைத் தவிர வேறு யாருக்கு இது தோன்றும்? பரிசுப் பொருள் என்று ஒன்று வீட்டுக்குள் வந்தால் அதில் பெயர் வெட்டாவிட்டால் நமக்குத் தூக்கம் வராது.

“ரெண்டு தடவ ஆழமா வெட்டச் சொன்னேன்,” என்றார் மெதுவாக. “அழிஞ்சிடக் கூடாதுன்னு.”

நான் கத்தினேன். அந்த மைதானத்தில், பையன்கள் பார்க்க, பால் வாங்கப் போன பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா நின்று பார்க்க, கத்தினேன்.

“மூங்கிலு, கிளாஸு, கார்பனு! நாலு வாரமா மூணு பேரும் ஒரு குச்சியப் பத்திப் பேசுனீங்களே, இந்தக் கை யாரோடதுன்னு ஒருத்தருக்காவது ஞாபகம் இருந்துச்சா? கை மேல போவலன்னா எனக்கு வைத்தியம் இல்ல. தெரியுமா, தெரியாதா? உங்க சார்ட்ல அதுக்கு எத்தன மார்க்கு?”

நான் விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில்தான் அவர் சொன்னது உள்ளே இறங்கியது. அழிஞ்சிடக் கூடாது. இந்த மனிதர் அறுவைக்கு முன்னாலும் பின்னாலும் என்னிடம் பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாத்திரைக்கு அட்டவணை போட்டார், ரிப்போர்ட்டுக்கு ஃபைல் போட்டார். இருபத்து நான்கு வருடத்தில் முதல் தடவையாக என் பெயரை ஒரு பொருளில் வெட்ட அவருக்கு இப்போதுதான் தோன்றியிருக்கிறது, அதுவும் ஆழமாக. எனக்கு அழுகை வந்தது. அதற்காகக் கோபம் குறையவில்லை. பயத்தை வாயால் சொல்லியிருந்தால் தூண்டிலாவது மிஞ்சியிருக்கும்.

திங்கட்கிழமை அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு, தலையில் துணிகூடக் கட்டாமல், ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஐம்பது வயது பாய். என்னைப் பார்த்தார், முடியைப் பார்த்தார், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“வாங்கம்மா. அந்த மூணு ஜனம் வூட்டு அம்மாதானே? எப்ப வருவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். எந்தக் கை?”

நான்கு வாரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். வலது கை என்றேன். எவ்வளவு உயரம் போகும் என்று காட்டச் சொன்னார். காட்டினேன். கடைக்குப் பின்னாலிருந்த சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“கண்ண மூடிக்குங்க. இது என்ன, எதுல செஞ்சதுன்னு நான் சொல்லமாட்டேன், நீங்களும் கேக்காதீங்க. கை என்ன சொல்லுதோ அத மட்டும் சொல்லுங்க.”

முதலில் கொடுத்தது நுனியில் கனத்தது. இரண்டு தூக்கலிலேயே தோள் போதும் என்றது. திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது ஒன்றுமே இல்லாதது போல் லேசு. ஆனால் அவசரக்குடுக்கை. நான் தூக்கி முடிப்பதற்குள் கயிறு போய்த் திரும்பிவிடும். எனக்கு அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மூன்றாவது கட்டையானது. கைப்பிடிவரைக்கும் வளைந்தது. தூக்கி நிறுத்தினால், கயிறு பின்னால் நிதானமாக நீண்டு, நீண்டாயிற்று என்று உள்ளங்கையில் வந்து சொன்னது. அதுவரை கையை மேலேயே வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. குடகுப் பெண் சொன்ன காத்திருப்பு இதுதான்.

“இது,” என்றேன். கண்ணைத் திறந்தேன். பழுப்பு நிறக் கண்ணாடி இழை. தம்பி ஜெயித்துவிட்டானே என்பது ஒன்றுதான் உறுத்தியது. மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும். கமிட்டி ஒரு தட்டு போண்டா சாப்பிடவே அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்.

மிச்சமிருந்தது மூன்று வாரம். காலையும் மாலையும் அந்த மைதானத்தில் நின்று வீசினேன். முதலில் முழங்கை விலாவை ஒட்டி; இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு விரல்கடை மேலே. வீட்டுக்கு வந்து சுவரிலும் ஏறினேன்; தூண்டிலே எல்லாம் செய்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. என் கணவர் காலையில் கூட வருவார். உல்லன் நூல் செடியில் மாட்டிக்கொண்டால் போய் எடுத்துவிடுவார், பிறகு தள்ளி நின்றுகொள்வார். வாட்ஸப் குழுவில் பெரியவர் மூங்கில் தூண்டில் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார் என்று கேள்வி.

வட்டம் போட்ட நாள் வந்தது. மேசையில் படுத்தேன். அங்கிருந்த டெக்னீஷியன் கையை மேலே வையுங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். தூக்கினேன். காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, பலகையில் போய் உட்கார்ந்தது. நோவு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. இல்லை என்றேன். இருபது நிமிடம் அப்படியே கிடந்தேன். கதிர் பாய வேண்டிய இடத்தை அடையாளம் வைக்க ஊசியால் மூன்று இடத்தில் பச்சைப் புள்ளி குத்தினார்கள். இது அழியாது மேடம் என்றார் டெக்னீஷியன். நல்லதாகப் போயிற்று என்றேன். வெளியே என் கணவர் ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அந்த வராந்தாவிலேயே நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி மறுபடி கூடியது. வெற்றியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டுமல்லவா? தம்பி முழங்கையைச் சொறிந்துகொண்டு, “நான்தான் மொதல்லயே சொன்னேனே கிளாஸு,” என்றான். மூங்கிலாக இருந்திருந்தால் இரண்டு வாரம் முன்பே கை தூக்கியிருக்கும் என்றார் பெரியவர். என் கணவர் மட்டும் என் தூண்டிலை மடியில் வைத்துக் கைப்பிடிக்கு மேலே கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

“இதுல பேரு...” என்று இழுத்தார்.

தூண்டிலை அவர் மடியிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினேன். சமையலறைக்குப் போனேன். மூவருக்கும் அங்கிருந்தே தெரியும்படி, வலது கையை மேல்தட்டுவரை தூக்கி, மாமியார் பெயர் போட்டதையும் அப்பா பெயர் போட்டதையும் ஒதுக்கி, பெயர் இல்லாத சம்படத்தை இறக்கினேன். கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன்.

“வெட்டணும்னா இதுல வெட்டுங்க. நல்லா ஆழமா.”

அவர் சம்படத்தைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது, மறைக்கவில்லை.

பெரியவர் சம்படத்தை வாங்கி விரலால் தட்டிப் பார்த்தார். “எவர்சில்வர்ல பேரு எடுப்பா தெரியாதும்மா,” என்று ஆரம்பித்தார். “பித்தளையா இருந்தா—”